இடது சுவருக்கு அப்பால்

சனிக்கிழமை காலை, காபி ஆறுவதற்குள், உலகத்துக்கு ஒரு புதிய இணையதளம் கிடைத்தது. உலகம் அதைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். தளத்தின் பெயர் 'காது கொடு'. நிறுவனர், ஆசிரியர், தலைமை விமர்சகர் எல்லாம் ஒயர்மேன்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது மின்கட்டண ரசீதோடு சரி. ஃபியூஸ் போனவர்கள், மோட்டார் ஓடாதவர்கள், மின்விசிறி முனகும் வீட்டுக்காரர்கள் எல்லோரும் அவரை ஒயர்மேன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

கடைசிப் பொத்தானை அழுத்தியது அவருடைய மைத்துனன். கூரியர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன். பார்சல் எங்கே இருக்கிறது என்று சொல்வது அவன் வேலை, தளம் கட்டுவது அவன் ஆசை.

"மாமா, போட்டாச்சு!"

"போட்டாச்சா? எங்க போயிருக்கு?"

"எல்லா எடத்துக்கும் மாமா. உலகம் பூரா!"

ஒயர்மேன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தெருவில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது என்று ஒயர்மேனுக்குப் பரிதாபமாக இருந்தது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் மைத்துனனைக் கட்டிப்பிடித்தார். காபி இருவர் சட்டையிலும் கொட்டியது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

கவனித்தது அவர் மனைவி. கழுத்தில் அளவு நாடாவும் கையில் கத்தரியுமாகப் படுக்கையறை வாசலில் நின்றிருந்தாள்.

இங்கே அந்த வீட்டின் கூடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டிலேயே வெளிச்சம் உள்ள இடம் அது ஒன்றுதான். அந்த வெளிச்சத்தை ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு அனுபவித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நேர் எதிரே, நட்டநடுவில், ஒற்றை நாற்காலி. அதில் உட்கார்ந்தால்தான் பாட்டு முழுசாகக் கேட்கும் என்பது ஒயர்மேன் போட்ட சட்டம். அதில் அவர் மட்டும்தான் உட்காரலாம் என்பது எழுதாத சட்டம். அவர் மனைவியோ ஊருக்கெல்லாம் துணி தைப்பவள். துணி வெட்டும் மேஜையைக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே செருகி வைத்துக்கொண்டு, பட்டப்பகலில் விளக்குப் போட்டு வெட்டுகிறாள். போன மாதம் கறுப்புக் கோட்டுக்குக் கருநீல நூலைப் போட்டுத் தைத்துவிட்டாள். கோட்டுக்காரர் நடந்து வந்து அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கே அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

"ஏங்க, கடைசியா ஒரு வார்த்தை," என்றாள் இப்போது. "நாளைக்கு இருட்டுறதுக்குள்ள வெளியாள் ஒருத்தர், ஒரே ஒருத்தர், நீங்க எழுதினதைப் படிச்சிட்டு நாலு வரி எழுதணும். சொந்தக்காரங்க கணக்குல வராது. உங்க கூட்டாளிங்களும் வராது. கரண்ட் வேலைக்குக் கூப்பிடுறவங்களும் வராது. அப்படி ஒருத்தர் எழுதிட்டா, பொட்டி ரெண்டும் இங்கயே இருக்கட்டும், நான் வாயே தொறக்க மாட்டேன். எழுதலன்னா பொட்டி உள்ள போகுது, என் மேஜை வெளிய வருது."

"ஒருத்தரா? கூட்டம் அலைமோதப் போகுது, பாரு," என்றார் ஒயர்மேன்.

"அலை வந்தா சொல்லுங்க, செருப்பை உள்ள எடுத்து வெக்கிறேன்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஒயர்மேன் சும்மா சவடால் விடவில்லை, அப்படித்தான் நம்பினார். அவருடைய முதல் விமர்சனம் அப்படிப்பட்டது. பெரிய இடத்துப் பாட்டுகளைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்களே என்று, முகம் தெரியாத ஒரு பாட்டுக்காரியும் அவள் கூட்டாளிகள் இருவரும் இணையத்தில் இலவசமாக ஏற்றியிருந்த பாட்டு ஒன்றைத் தேடிப் பிடித்தார். ஒரு குரல், ஒரு புல்லாங்குழல், ஒரு கைமேளம். அவ்வளவுதான். அதைக் கேட்ட அன்றைக்கு ஒயர்மேன் நாற்காலியில் மிதந்தார்.

அதற்கு முந்தைய நாள்தான் தளத்தின் முகப்புக்காக ஸ்பீக்கர்களைப் படம் எடுத்திருந்தார்கள். ஸ்பீக்கர்களை நகர்த்தி, துடைத்து, பின்னால் தொங்கிய ஒயர்களைக் கழற்றி, சிவப்பும் கறுப்புமாகக் கண்ணை உறுத்தாமல் இருக்க எல்லாவற்றுக்கும் ஒரே நிறத்தில் கறுப்புப் பின்னல் உறை மாட்டி, நுனி வரைக்கும் மூடி, மறுபடி இணைத்தார் ஒயர்மேன். படம் பிரமாதமாக வந்தது. மறுநாள் அந்தப் பாட்டைப் போட்டால், அதுவரை இல்லாத ஒரு விசாலம். குரல் ஓர் இடத்தில் நிற்காமல் அறை முழுக்கப் பரவியது.

"மாமா, கீழ்ச்சத்தம் கொஞ்சம் கொறைஞ்ச மாதிரி இல்ல? மேளம் தொம்முன்னு இல்லையே?" என்று மைத்துனன் அப்போதே கேட்டான்.

"கொறைச்சல் இல்லடா. கட்டுப்பாடு," என்றார் ஒயர்மேன் கண்ணைத் திறக்காமல்.

"ஆமா மாமா. இப்ப எனக்கும் கட்டுப்பாடாத்தான் கேக்குது."

அந்த மிதப்பிலேயே எழுதினார். அவர் எழுதியதில் கொஞ்சம் இதோ:

'புல்லாங்குழல் இடது சுவருக்கு அப்பாலிருந்து வருகிறது. மேளம் வலது பக்கம், அலமாரியையும் தாண்டி, எங்கோ ஒரு வெளியில் ஒலிக்கிறது. பாடுகிறவரை எங்கே என்று தேடாதீர்கள். அவர் எங்கும் இருக்கிறார். மாளிகை போன்ற ஒரு மண்டபத்தில் இதைப் பதிவு செய்திருக்க வேண்டும். இரண்டாம் சரணத்தின் முடிவில் மலைக்கு அந்தப் பக்கம் மெல்ல ஒரு மணி ஒலிக்கிறது. அடடா, எப்பேர்ப்பட்ட கற்பனை!'

போதாக்குறைக்கு 'கேட்பதற்கு முன்' என்று தனிப் பக்கம் வேறு. அதன் முதல் விதி: 'ஸ்பீக்கர் ஒயரில் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. இதைக்கூட ஒழுங்காகப் பார்க்காதவர்களுக்கு இசையைப் பற்றிப் பேச உரிமையில்லை.'

சனிக்கிழமை முழுக்க அலை வரவில்லை. தளத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கை கிடுகிடுவென்று ஏறுவதைப் பார்த்து ஒயர்மேன் துள்ளினார். தான் திறந்து திறந்து பார்ப்பதையும் அது கணக்கில் சேர்க்கிறது என்று மைத்துனன் விளக்கியதும் துள்ளல் நின்றது. சாயங்காலம் சித்தப்பா ஒரு கருத்து எழுதினார்: 'அருமை. மேலும் வளர்க. மாடிப்படி லைட்டு எரியல, எப்ப வர்றே?' மனைவி அதைப் படித்துவிட்டு, சொந்தம் என்ற கணக்கிலும் கரண்ட் வேலை என்ற கணக்கிலும் ஒரே சமயத்தில் அதைத் தள்ளுபடி செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் மேஜையின் கால்களைத் துடைக்க ஆரம்பித்தாள். ஒயர்மேன் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு ஸ்பீக்கர்களையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளறையில் இவற்றை நிறுத்த முடியாது, படுக்கத்தான் வைக்க வேண்டும். வேலைக்குப் போன வீடுகளில் ஊர்ப்பட்ட ஏச்சு வாங்கிக்கொண்டு வந்து இந்த நாற்காலியில் விழுந்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் எல்லாம் ஓடிப்போகும். இனி எங்கே போய் விழுவது?

அந்த நேரத்தில்தான் மைத்துனன் அலறினான்.

"மாமா! வெளியாள்! மாமா, வெளியாள்!"

வீட்டுக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று மனைவி கத்தரியோடு ஓடிவந்தாள். வந்து பார்த்தால், இரண்டு வளர்ந்த ஆண்கள் கைகோத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிக் குதிக்கிறார்கள்.

"அக்கா, யாரு எழுதியிருக்காங்க தெரியுமா? பாடினவங்களே எழுதியிருக்காங்க! அந்தப் பாட்டுக்காரியே!"

"என்ன எழுதியிருக்காங்க?"

"படிக்கல. பேரைப் பார்த்ததும் குதிக்க ஆரம்பிச்சிட்டோம்."

"குடுடா இங்க," என்று போனை வாங்கி அவளே உரக்கப் படித்தாள்.

"'வணக்கம் சார். எங்க பாட்டைப் பத்தி எழுதின முதல் ஆள் நீங்கதான். அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன், ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க.'"

"அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினாங்களாம்!" என்றார் ஒயர்மேன். வாயெல்லாம் பல்.

"இருங்க, இன்னும் இருக்கு. 'ஒரே ஒரு சந்தேகம் சார். எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு மைக். அதனால இடது வலதுன்னு பாட்டுல எதுவுமே கெடையாது, எல்லாமே ஒண்ணா நடுவுலதான் இருக்கும். பதிவு பண்ணினதும் மண்டபத்துல இல்ல. எங்க வீட்டுத் துணி அலமாரிக்குள்ள. எதிரொலி வராதுன்னு மூணு பேரும் உள்ள நின்னுக்கிட்டோம். புல்லாங்குழல்காரர் முழங்கை என் விலாவுல இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அவரு சுவருக்கு அப்பால இருந்திருந்தா எனக்கும் நல்லாத்தான் இருந்திருக்கும். உங்களுக்கு மட்டும் எப்படி சார் அப்படிக் கேட்டுச்சு?'"

ஒயர்மேன் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி ஒரு கணம் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. கத்தரியைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"முழங்கை... விலாவுல..." என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிய அளவு நாடாவால் துடைத்துக்கொண்டாள்.

மைத்துனன் குரலைத் தாழ்த்தினான். "மாமா, இன்னும் யாரும் பாக்கல. ஒரு தட்டு தட்டினா அழிஞ்சிடும். விமர்சனத்தையும் தூக்கிடலாம்."

"தாராளமா அழிங்க," என்றாள் மனைவி, தரையிலிருந்தபடியே. "ஆனா அழிச்ச கருத்து கணக்குல வராது. வெளியாள் எழுதலன்னு ஆயிடும். மேஜை வெளிய வந்துடும்."

ஒயர்மேன் வசமாக மாட்டிக்கொண்டார். அந்தக் கருத்து இருந்தால் கூடம் மிஞ்சும், மானம் கப்பலேறும். போனால் மானம் மிஞ்சும், கூடம் போகும். ஆனால் அவர் மூளை இரண்டையுமே யோசிக்கவில்லை. அது வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. ஒரே மைக். எல்லாம் நடுவில். நடுவில் நிற்க வேண்டிய குரல் ஏன் அறை முழுக்க அலைந்தது? மேளம் ஏன் இளைத்துப் போனது?

விருட்டென்று ஸ்பீக்கருக்குப் பின்னால் போய்க் குப்புறப் படுத்தார். இடது பக்கத்து ஒயரின் அந்த அழகான கறுப்பு உறையைப் பல்லாலேயே இழுத்தார். உள்ளே சிவப்பு ஒயர் ஒய்யாரமாகக் கறுப்பு முனையில் மாட்டியிருந்தது. கறுப்பு, சிவப்பு முனையில்.

ஊரில் நூறு வீட்டுக்கு ஒயரிங் செய்தவர், தன் வீட்டில், தன் கையால், போட்டோவுக்கு அழகாக இருக்கட்டும் என்று உறை மாட்டி, அடையாளத்தை மறைத்து, தலைகீழாக இணைத்திருக்கிறார். ஒரு ஸ்பீக்கர் மூச்சை வெளியே விடும்போது மற்றது உள்ளே இழுத்திருக்கிறது. இது கொடுத்ததை அது பிடுங்கியிருக்கிறது. அதனால்தான் மேளம் வற்றிப்போனது. அதனால்தான் குரல் நிற்க இடமில்லாமல் அலைந்தது. அந்த அலைச்சலுக்குத்தான் அவர் விசாலம் என்று பெயர் வைத்தார்.

"என்ன மாமா ஆச்சு?"

"ஒண்ணுமில்லடா," என்றது ஸ்பீக்கருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "கட்டுப்பாட்டைக் கண்டுபிடிச்சிட்டேன்."

ஒயரைக் கழற்றி ஒழுங்காக மாட்டினார். எழுந்து வந்தார். முழங்காலெல்லாம் தூசி. நாற்காலியில் உட்காரக்கூடத் தோன்றவில்லை. நின்றபடியே பாட்டைப் போட்டார்.

அவள் வந்தாள்.

இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே, வெறும் சுவர் இருந்த இடத்தில், ஒரு பெண் வந்து நின்று பாடினாள். நெஞ்சு, தொண்டை, மூச்சு எல்லாம் அங்கேயே இருந்தன. அவள் தோளை ஒட்டிப் புல்லாங்குழல். பின்னால் மேளம், தொம் என்று, தரை வழியாக உள்ளங்காலுக்கு ஏறியது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருந்தது. ஒயர்மேன் கையை நீட்டவும் செய்தார். அவர் மாளிகை, மண்டபம் என்று எழுதியதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இது மனுஷக் குரல். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டார்.

மனைவி எப்போது எழுந்து பக்கத்தில் வந்து நின்றாள் என்று அவருக்குத் தெரியாது. அவள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். சுவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள்.

"ஏங்க, அங்க யாரோ நிக்கிறாங்க," என்றாள் மெதுவாக.

"நிக்கிறாங்கல்ல? நிக்கிறாங்கல்ல? இதைத்தான் நான் கல்யாணம் ஆனதுலேருந்து உங்கிட்ட சொல்லிட்டிருக்கேன்!"

"கத்தாதீங்க, கேக்கணும்."

இரண்டாம் சரணம் முடிந்தது. அந்த மணி ஒலித்தது. ஒயர்மேன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மனைவி புருவத்தைச் சுருக்கினாள்.

"இதுவா மலைக்கு அந்தப் பக்கத்து மணி?"

"ஆமா."

"இது ஹேங்கருங்க. கோட்டு மாட்டுற இரும்பு ஹேங்கர். அலமாரியில துணியை ஒதுக்குறப்ப கம்பியில இடிக்கும் பாருங்க, டிங்குன்னு. நாள் பூரா அதைத்தானே கேக்குறேன்."

மூவரும் அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டார்கள். ஹேங்கர். சந்தேகமே இல்லை. எப்பேர்ப்பட்ட கற்பனை! இப்போது சிரித்தது ஒயர்மேன்தான். சுவரில் சாய்ந்து, ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார்.

பிறகு உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தார். மைத்துனன் பதறினான். "மாமா, யோசிச்சு எழுதுங்க. ஒயர்மேனே ஒயரை மாத்திப் போட்டாருன்னு தெரிஞ்சா நாளைக்கு யாரு மாமா வேலைக்குக் கூப்பிடுவாங்க?" அது நியாயமான பயம். ஆனால் ஒயர்மேனை நேர்மை பிடித்து ஆட்டவில்லை, சந்தோஷம் பிடித்து ஆட்டியது. இப்படி ஒன்றைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க அவரால் முடியாது. இடது ஸ்பீக்கரைத் தலைகீழாக மாட்டியதை எழுதினார். மண்டபத்தை வாபஸ் வாங்கினார். தன் விதிப்படி இசையைப் பற்றிப் பேசத் தனக்கே உரிமையில்லை என்று எழுதினார். எழுதிவிட்டு, இன்னும் நாலு பத்தி இசையைப் பற்றிப் பேசினார். மலைக்கு அந்தப் பக்கத்து மணி ஹேங்கர்தான் என்பதையும், அதைக் கண்டுபிடித்த காது தன்னுடையது இல்லை என்பதையும் சொன்னார். தலைப்பு: 'முழங்கை இடிக்கும் தூரத்தில் மூன்று பேர்'.

பொத்தானை இந்த முறை அவரே அழுத்தினார்.

அதற்குப் பிறகுதான் அலை வந்தது. பாட்டுக்காரி அதைத் தன் ஆட்களுக்கு அனுப்ப, அவர்கள் தங்கள் ஆட்களுக்கு அனுப்ப, வீட்டில் பெரிய ஸ்பீக்கரும் முதுகுவலியும் உள்ளவர்கள் எல்லோரும் படித்துவிட்டுச் சும்மா இருக்காமல் போய்க் குப்புறப் படுத்துத் தங்கள் ஒயர்களைப் பார்த்திருக்கிறார்கள். 'என்னுதும் தலைகீழ்!' என்று ஒருவர் எழுதினார். 'வாங்கின நாள்லேருந்து தலைகீழ். பழைய வீட்டுலயும் தலைகீழ்!' என்று இன்னொருவர். இசைக் கருவிகள் விற்கும் கடைக்காரர் ஒருவர், தன் கடையின் காட்சி அறையிலேயே ஒரு ஜோடி அப்படித்தான் இருந்தது என்று எழுதி, தயவுசெய்து கடை எங்கே என்று கேட்காதீர்கள் என்றார். மைத்துனன் ஒவ்வொன்றுக்கும் ஒரு குதி குதித்தான். நின்றபோது ஒரு செருப்பைக் காணோம்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஒயர்மேன் மனைவி முன்னால் போய் நின்றார்.

"இங்க பாரு. அந்தம்மா எழுதினது உண்மைதான். ஆனா நான் தப்பா கேட்டதுக்குத்தானே எழுதினாங்க. அதை வெச்சு நான் ஜெயிச்சதா ஆகாது. பொட்டியை உள்ள கொண்டு போறேன்." சொல்லும்போது ஸ்பீக்கர் பக்கம் அவர் திரும்பவில்லை.

"ஒண்ணும் வேண்டாம்," என்றாள் அவள். "வெளியாள் எழுதணும்னேன், எழுதிட்டாங்க. பேச்சு பேச்சுதான். பொட்டி இங்கயே இருக்கட்டும்."

ஒயர்மேனுக்கு நம்ப முடியவில்லை. நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் தம்பியைக் கூப்பிட்டாள். "டேய், இந்த நாற்காலியைத் தூக்கி அந்த ஓரமா போடு. மேஜையை இங்க கொண்டா. இங்கதான், நட்டநடுவுல."

"ஏம்மா, அது நாற்காலி எடம்!"

"பொட்டியைப் பத்தித்தான பேசினோம்? நாற்காலியைப் பத்திப் பேசவே இல்லையே?"

மைத்துனன் மாமாவையும் பார்த்தான், அக்காவையும் பார்த்தான். மேஜையைத் தூக்கப் போனான். புத்தியுள்ள பிள்ளை.

மேஜை வந்து நின்றது. ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் முழுசாக விழுந்தது. அவள் கறுப்புத் துணியை விரித்து, பக்கத்தில் கறுப்பு நூலையும் கருநீல நூலையும் வைத்துப் பார்த்தாள். இரண்டும் வேறு வேறாகத் தெரிந்தன. அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்ததும், அந்த மேஜையை இத்தனை நாள் இருட்டில் வைத்திருந்தோமே என்று ஒயர்மேனுக்குச் சுருக்கென்றது. பாட்டை மறுபடி போட்டுவிட்டு ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து பாதிதான் கேட்டது. பாட்டுக்காரி மேஜைக்கு நேர் எதிரே நின்று அவர் மனைவிக்காகப் பாடிக்கொண்டிருந்தாள்.

போன் மினுக்கியது. பாட்டுக்காரிதான்.

'சார், சிரிச்சுச் சிரிச்சு விலா வலிக்குது, இந்தத் தடவை முழங்கை இல்லாமலே. அம்மா சொல்றாங்க, பழைய விமர்சனத்தை அழிச்சிடாதீங்களாம், அதுல எங்க வீடு பெருசா இருக்காம். அப்புறம் ஒண்ணு. அந்த ஹேங்கர் சத்தம் யாருக்கும் கேக்கக் கூடாதுன்னு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அதைக் கண்டுபிடிச்ச காது யாரோடது சார்?'

ஒயர்மேன் 'என் மனைவி' என்று தட்டிக்கொண்டிருந்தார். மேஜையிலிருந்து அவள் தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"என்னன்னு போடுறீங்க?"

"என் மனைவின்னு."

"அது வீட்டுல. தளத்துல என்ன?"

ஒயர்மேன் தட்டியதை அழித்தார். முகப்புப் பக்கத்துக்குப் போய், தன் பெயருக்குக் கீழே இருந்த பட்டங்களில் ஒன்றை எடுத்து, புதிதாகச் சேர்த்த அவள் பெயருக்குக் கீழே வைத்தார். பிறகு பாட்டுக்காரிக்குப் பதில் எழுதினார்: 'எங்கள் தலைமை விமர்சகருடையது.'

அதை உரக்கப் படித்தும் காட்டினார். அவள் துணியின் மடிப்பை நீவி விட்டாள்.

"சரி," என்றாள். "இப்ப அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடுங்க. நீங்க அங்கேருந்து பேசாம கேக்கணும்."